மணலா, மண்ணா, சிமெண்டா?

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்று நம் ஆசிரியைகள் அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறோம். உடல்தான் அந்தச் சுவர் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் சுவரைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், அந்தச் சுவர் எழுந்து நிற்கும் தரையைப் பற்றி ஒரு நாளாவது எண்ணிப் பார்த்ததுண்டா? கைப்பந்து ஆடும் மாணவியர் எந்தத் தரையில் ஓடுகிறோம், எந்தத் தரையில் குதிக்கிறோம் என்பது நம் உடல்நலத்தையே தீர்மானிக்கிறது. அதைப் பற்றிச் சில கருத்துகளை அருட்சகோதரியர், பெற்றோர், தோழியர் அனைவர் முன்னும் வைக்க விரும்புகிறோம்.

கருங்கல் வட்டாரத்தில் வாலிபால் என்றால் தெரியாதவர் இல்லை. ஊர்த் திருவிழா, கிறிஸ்துமஸ், பொங்கல், ஓணம் எதுவானாலும் மின்னொளிக் கைப்பந்துப் போட்டி நடக்கும். தென்னந்தோப்பின் நடுவே நான்கு விளக்குகளைக் கட்டி, சுற்றிலும் கயிறு இழுத்துவிட்டால் ஊரே அங்கே கூடிவிடும். அங்கே ஆடுகிறவர்கள் பெரும்பாலும் அண்ணன்மார்கள். நாம் அம்மாவின் பக்கத்தில் நின்று கைதட்டுகிறவர்கள். ஆகையால் நம்மில் பலருக்குப் பள்ளி மைதானம் ஒன்றே ஆடுகளம். அந்தத் தரை கெட்டால் நமக்கு வேறு தரை கிடையாது. இதை மனத்தில் கொண்டு மேலே படிக்க வேண்டுகிறோம்.

இந்த ஆட்டம் பிறந்த கதையிலும் ஒரு பாடம் உண்டு. 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹோலியோக் என்னும் ஊரில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் பணியாற்றிய வில்லியம் மார்கன் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். கூடைப்பந்து ஆடி மூச்சு வாங்கிய நடுவயதினருக்கு, அவ்வளவு களைப்புத் தராத ஓர் ஆட்டம் வேண்டும் என்பதே அவர் நோக்கம். உடற்பயிற்சிக் கூடத்துக்குள், கூரையின் கீழ் ஆடுவதற்காக அவர் இதை அமைத்தார். நம் நாட்டிலும் இதைப் பரப்பியதில் அதே சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1920-இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்றும் ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது. இப்படிக் கூரையின் கீழ் பிறந்த ஆட்டம் நம்மிடம் வந்தபோது கூடம் கூடவே வரவில்லை. கிடைத்த இடத்தில் இரண்டு கம்பம் நட்டு ஆடத் தொடங்கினோம். அது பெருமைதான். ஆயினும் கிடைத்த இடம் எப்படிப்பட்டது என்று பார்ப்பதும் அறிவுடைமை அன்றோ?

நம் பகுதியில் மூன்று விதமான தரைகள் உண்டு. முதலாவது செம்மண் தரை. மழை பெய்து ஓய்ந்த இரண்டாம் நாள் அது மெத்தை போல இருக்கும். மாசி, பங்குனி வெயிலில் காய்ந்தால் பாறையாகிவிடும். எடவப்பாதியும் துலாவர்ஷமும் ஆக இரண்டு மழையையும் பெறும் மாவட்டம் நம்முடையது. ஆகவே வருடத்தில் பல நாட்கள் அது வழுக்கும் சேறாகவும் கிடக்கும். இரண்டாவது சிமெண்டுத் தரையும் இன்டர்லாக் கல் பதித்த முற்றமும். இப்போது பல பள்ளிகளில் இவை பெருகி வருகின்றன. மூன்றாவது மணல். மிடாலம், குறும்பனை போன்ற கடலோர ஊர்களில் பிறந்தவர்களுக்கு அது வீட்டு வாசல். உள்நாட்டில் வாழும் நமக்கோ சில கிலோமீட்டர் தொலைவில் இருந்தும், விடுமுறை நாளில் மட்டும் கால் வைக்கும் இடம்.

இந்த மூன்றில் எது நல்லது? விடை காண வேறெங்கும் போக வேண்டாம். பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் முதல் பாடமான இயக்க விதிகளைத் திறந்தாலே போதும். நாம் தரையை எவ்வளவு விசையுடன் அழுத்துகிறோமோ, தரையும் அவ்வளவு விசையுடன் நம்மைத் திருப்பி அழுத்துகிறது. குதித்து இறங்கும்போது இந்த விசை நம் உடல் எடையைப் போலப் பல மடங்கு ஆகிறது. பாடத்தில் வரும் கிரிக்கெட் வீரரை நினைவுகூருங்கள். வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது அவர் கையைப் பின்னுக்கு இழுக்கிறார். பந்து நிற்க ஆகும் நேரம் நீண்டால், கையில் விழும் விசை குறையும். மணலும் அதையே செய்கிறது. கால் புதைவதால் உடல் நிற்க ஆகும் நேரம் கூடுகிறது. முட்டுக்குப் போகும் அதிர்ச்சி குறைகிறது. சிமெண்டு ஒரு மயிரிழையும் விட்டுக்கொடுப்பதில்லை. அது கொடுக்காததை நம் கணுக்காலும் முட்டும் இடுப்பும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் மணல் இந்த உதவியை இலவசமாகத் தருவதில்லை. இறங்கும்போது அதிர்ச்சியை விழுங்கும் அதே மணல், எழும்பும்போது நம் பலத்தையும் விழுங்குகிறது. பெல்ஜியம் நாட்டின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் 1998-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். கெட்டியான தரையில் நடப்பதைவிட, அதே வேகத்தில் மணலில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி செலவாகிறது. ஓடுவதற்கோ சுமார் 1.6 மடங்கு. கடலோரத்துத் தோழியர் மைதானத்தை நான்கு முறை சுற்றிய பின்னும் சிரித்துப் பேசுவதைக் கண்டு நாம் வியப்பதுண்டு. நடை பழகிய நாள் முதல் மணலில் நடந்தவர்களுக்கு அந்த உழைப்பின் பயனும் கொஞ்சம் சேர்ந்திருக்கும் என்றே எண்ணுகிறோம்.

அப்படியானால் எல்லாப் பயிற்சியையும் மணலிலேயே செய்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இத்தாலியில் கால்பந்து வீரர்களை இரு குழுவாகப் பிரித்து, நான்கு வாரம் ஒரு குழுவைப் புல்தரையிலும் மற்றக் குழுவை மணலிலும் குதித்துப் பயிற்சி செய்ய வைத்தார்கள். 2008-இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு கவனிக்கத்தக்கது. குறுந்தூர ஓட்டத்தில் இரு குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறின. தசைவலி மணலில் பயின்றவர்களுக்குக் குறைவு. ஆனால் சட்டென்று முட்டை மடக்கி உடனே எம்பும் குதிப்பில் புல்தரைக் குழுவே அதிகம் முன்னேறியது. கைப்பந்தில் வலையருகே நமக்குத் தேவைப்படுவது அந்தக் குதிப்புத்தான். பெண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.24 மீட்டர். நம் வயதில் பெரும்பாலோர் கையை நீட்டி நின்றாலும் அதன் மேல்விளிம்பு எட்டாது. எம்பினால்தான் பந்து, எம்பாவிட்டால் வலை.

ஆக, மணல் காலுக்கு வலிமை தருகிறது. உறுதியான தரை அந்த வலிமையை விரைவாகப் பயன்படுத்தக் கற்றுத் தருகிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. போட்டி எந்தத் தரையில் நடக்கிறதோ அந்தத் தரையில் பழகாமல் போய் நின்றாலும் தடுமாற்றமே மிஞ்சும்.

இனி சிமெண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1980-களில் இத்தாலிய மருத்துவர் ஃபெரெட்டியும் அவருடைய குழுவினரும் கைப்பந்து ஆடுவோரின் முட்டுவலியை ஆராய்ந்தார்கள். முட்டுச்சில்லைப் பிடித்திருக்கும் தசைநாணில் வரும் இந்த வலி, குதிப்பவர்களுக்கே அதிகம் வருவது. வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி செய்கிறார்கள், தரை எவ்வளவு கடினமானது என்ற இரண்டுக்கும் வலிக்கும் தொடர்பு இருப்பதை அவர்கள் கண்டார்கள். மரத்தளத்தில் ஆடியவர்களைவிட சிமெண்டில் ஆடியவர்களுக்கே துன்பம் அதிகம். நாமும் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாலைப் பயிற்சியில் 50 முறை குதித்தால், வாரம் ஐந்து நாளில் 250 முறை. நான்கு வாரத்தில் 1000 முறை. ஆயிரம் முறை சிமெண்டில் இறங்கும் முட்டு யாருடையது? பதின்மூன்று, பதினான்கு வயதில் இன்னும் வளர்ந்து முடியாத எலும்புடையது.

இந்த வயதில் எலும்பு வேகமாக நீள்கிறது. தசைநாண் வந்து ஒட்டும் இடம் இன்னும் முழுதும் இறுகவில்லை. முட்டுக்குக் கீழே முன்புறம் புடைத்து, தொட்டால் வலிக்கும் ஒரு நோய் ஓடிக் குதிக்கும் சிறுவர் சிறுமியருக்கு வருவதுண்டு. 1903-இல் அமெரிக்க மருத்துவர் ஆஸ்குட், சுவிட்சர்லாந்து மருத்துவர் ஷ்லாட்டர் ஆகிய இருவரும் தனித்தனியே இதை விளக்கியதால் அவர்கள் பெயராலேயே இது வழங்குகிறது. குதிப்பைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும் இந்த வலியை, "வளர்ற பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லி, எண்ணெய் தேய்த்து மறுநாளும் சிமெண்டுக்கு அனுப்புவது சரியா? இதோடு இன்னொன்றும் உண்டு. பருவமடைந்த பின், குதித்து இறங்கும் ஆட்டங்களில் முட்டின் உள்ளே இருக்கும் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு அதிகம் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். முட்டு உள்நோக்கி மடங்காமல், மெல்ல மடக்கி, இரு காலாலும் இறங்கப் பழகினால் இந்த ஆபத்தைக் குறைக்கலாம் என்பதும் அவர்கள் சொன்னதே. அப்படி இறங்கப் பழகத் தரை அச்சமூட்டாததாக இருக்க வேண்டும்.

நாங்கள் இவ்வளவு வருத்தத்துடன் எழுதக் காரணம் வலி மட்டும் அன்று. ஆண்பிள்ளைக்கு முட்டு வலித்தால் வீட்டில் வைத்தியம் தேடுகிறார்கள். பெண்பிள்ளைக்கு வலித்தால் ஆட்டத்தையே நிறுத்துகிறார்கள். "பொட்டப்பிள்ளைக்கு முட்டு போனா பெறவு என்ன செய்ய?" என்ற ஒரு கேள்வியில் காலணியும் பந்தும் பரணுக்குப் போய்விடுகின்றன. அந்தக் கேள்வியில் தாயின் அன்பு இருக்கிறது; அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் குற்றம் செய்தது ஆட்டமா, தரையா என்று யாரும் கேட்பதில்லையே! தரையைத் திருத்த வேண்டிய இடத்தில் பிள்ளையை நிறுத்திவிடுகிறோம்.

தரை நம் எலும்பைப் போலவே நம் துணிவையும் பாதிக்கிறது. 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் கைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கான தங்கப் பதக்கத்தை ஜப்பான் வென்றது. அந்த அணியில் பெரும்பாலோர் கைசூக்கா என்ற ஊரிலிருந்த நூற்பாலையில் வேலை பார்த்த பெண்கள். பகலில் வேலை முடித்து, நள்ளிரவு வரை பயிற்சி செய்தவர்கள். தரையில் விழுந்து பந்தை எடுத்து, உருண்டு, அந்த வேகத்திலேயே எழுந்து நிற்கும் முறையை அவர்களுடைய பயிற்சியாளர் தைமட்சு அவர்களுக்குப் பழக்கியிருந்தார். அதைக் கண்டு உலகமே வியந்தது. அவ்வளவு கடுமையான பயிற்சியை நம் வயதினர் செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுதி. சிமெண்டுத் தரையில் யாரும் உருளக் கற்றுக்கொள்ள முடியாது. முதல் முறை விழும்போதே முழங்கையும் முட்டும் உரிந்துவிடும். மறுமுறை பந்து அருகில் விழுந்தாலும் நாம் நின்று வேடிக்கை பார்ப்போம். தரைக்குப் பயந்து நாம் விழாமல் நின்றால், நமக்குப் பதிலாகப் பந்து விழும். மணலில் பத்து முறை விழுந்து பழகியவள் செம்மண்ணிலும் தயங்காமல் விழுவாள்.

மணல் பயிற்சியை விரும்புகிறவர்கள் உணவையும் மறக்கக் கூடாது. ஒன்றரை மடங்கு உழைப்பு என்றால் அந்தச் சக்தி எங்கிருந்து வரும்? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் கட்டஞ்சாயா மட்டும் குடித்துவிட்டு வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அப்படி வந்து மணலில் ஓடினால் தலைசுற்றல்தான் மிச்சம். பயறும் கஞ்சியும், மரச்சீனியும் மீன்கறியும், முருங்கைக்கீரையும் நம் வீட்டில் இல்லாத பொருள்களா? பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை தரும் நாளில் அதை நாக்கின் கீழ் ஒளித்து வைக்காமல் விழுங்குவதும் விளையாட்டுப் பயிற்சியின் ஒரு பகுதியே.

குறை சொல்வது எளிது. வழி சொல்வது கடினம். ஆகையால் நடைமுறைக்கு ஏற்ற சில யோசனைகளைப் பணிவுடன் கூறுகிறோம்.

முதலாவது, மணலுக்காகப் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலான பள்ளிகளில் நீளம் தாண்டும் மணற்குழி ஏற்கெனவே இருக்கிறது. விளையாட்டு விழாவுக்கு முந்திய வாரம் கிளறிவிட்டு, மற்ற நாளெல்லாம் புல் முளைக்க விடுகிறோம். வாரத்தில் இரண்டு நாள் அதிலேயே குதிக்கவும், இறங்கவும், விழுந்து எழவும் பழகலாம். தனியாக ஒரு குழி அமைப்பதானாலும், 20 அடி நீளம், 12 அடி அகலம், 1 அடி ஆழத்துக்கு 240 கன அடி மணல் போதும். அதாவது இரண்டரை யூனிட்டுக்கும் குறைவு. முனை கூரான கட்டட மணல் காலைக் கிழிக்கும் என்பதால் அது வேண்டாம். கடற்கரை மணலை அள்ளி வரவும் கூடாது. அது சட்டத்துக்கு விரோதம், கரைக்கும் கேடு.

இரண்டாவது, செம்மண் களத்தைக் காப்பாற்ற வேண்டும். 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள ஓர் ஆடுகளத்தில் கல் பொறுக்க ஒரு வகுப்பு மாணவியருக்குப் பத்து நிமிடம் போதும். கோடையில் முந்திய மாலையே தண்ணீர் தெளித்தால் காலையில் தரை இளகியிருக்கும். மழைநீர் ஓடிவிடச் சிறு சரிவும் ஓரத்தில் ஒரு வாய்க்காலும் இருந்தால், சேறு என்ற புகாரும் பெருமளவு தீர்ந்துவிடும்.

மூன்றாவது, சிமெண்டு முற்றத்தை அடியோடு ஒதுக்க வேண்டாம். நின்றபடி பந்தைத் தூக்கிக் கொடுப்பது, சுவரில் அடித்துப் பிடிப்பது, சர்வீஸ் போடுவது ஆகியவற்றை மழை நாளில் அங்கே செய்யலாம். குதிப்பதும் விழுவதும் மட்டும் அங்கே கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்வோம்.

நான்காவது, ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கும் மறைக்கல்விக்கும் உரிய நாள். அன்று முட்டுக்கும் விடுமுறை கொடுப்போம். உடல் இறைவன் தங்கும் ஆலயம் என்று மறைக்கல்வி வகுப்பில் கற்கிறோமே, ஆலயத்தைப் பழுது பார்க்கவும் ஒரு நாள் வேண்டாமா?

கடற்கரைக்கே போய்ப் பயில வாய்ப்புக் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்போதும் கவனம் வேண்டும். அலை நனைத்த மணல் கெட்டியாகவும், மேலே காய்ந்த மணல் மென்மையாகவும் இருக்கும். கரை சரிவாக இருக்குமிடத்தில் ஒரே திசையில் ஓடினால் ஒரு காலுக்கே பாரம் ஏறும். போனது போலத் திரும்பியும் ஓட வேண்டும். கண்ணாடித் துண்டும் தூண்டில் முள்ளும் கிடக்கின்றனவா என்று பார்த்துவிட்டே செருப்பைக் கழற்ற வேண்டும். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். நம் கடல் சீற்றம் மிகுந்தது. ஆட வந்தவர்கள் அலையில் இறங்கக் கூடாது.

முற்றத்துக்குக் கல் பதிப்பவர்களிடமும் நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. சீருடையில் சேறு படாது, வாகனங்கள் நிற்கலாம், பள்ளியும் பார்க்க அழகாக இருக்கும். வாசலிலும் நடைபாதையிலும் கல் பதிக்கட்டும். பிள்ளைகள் குதிக்கும் இடத்தை மட்டும் மண்ணாகவே விட்டுவைக்கட்டும். சீருடையில் பட்ட செம்மண் சோப்புக்குப் போய்விடும். முட்டில் பட்ட அடி அவ்வளவு எளிதில் போகாது. "பத்தாம் வகுப்பில் ஆட்டம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பாடம் படிக்க நாற்காலியில் உட்காரும் உடலும் இதே உடல்தான்.

மணல்மேல் வீடு கட்டியவனைப் பற்றியும், பாறைமேல் வீடு கட்டியவனைப் பற்றியும் நற்செய்தியில் படித்திருக்கிறோம். வீடு கட்டுகிறவனுக்குப் பாறையே நல்லது. வளரும் பிள்ளைக்கோ முதலில் மணல், பிறகு மண். பாறையைப் போன்ற சிமெண்டு கடைசியிலும் கடைசி. தோழியரே, அடுத்த முறை பந்தைக் கையில் எடுக்கும்போது வலையைப் பார்க்குமுன் ஒருமுறை குனிந்து தரையைப் பாருங்கள். அருட்சகோதரியரே, பெற்றோரே, எங்களை ஆட விடுங்கள் என்று மட்டும் கேட்கவில்லை; எங்கள் காலடியில் நல்ல தரையையும் தாருங்கள் என்று கேட்கிறோம். கருங்கல் என்பது எங்கள் ஊரின் பெயராக இருக்கட்டும். எங்கள் ஆடுகளத்தின் தரமாக இருக்க வேண்டாம்.